வார்டில் நோயாளியைக் கவனிப்பது: புதிதாக டியூட்டிக்கு வரும் நர்ஸ்கள் கேட்கும் கேள்விகள்

நர்ஸிங் முடித்து முதல் வருடம் வார்டில் நிற்பவர்களும், கிளினிக்கல் போஸ்டிங்குக்கு வரும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரியவர்களுக்கான பொது வார்டையும் சர்ஜரி வார்டையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அளவுகள் வேறு. உங்கள் மருத்துவமனைக்கென்று எழுதிவைத்த நடைமுறை இருந்தால் அதுதான் முதலில்.

வைட்டல்ஸ் (பல்ஸ், பிபி, மூச்சு, வெப்பம்) எடுத்து சார்ட்டில் எழுதிவிட்டேன். அசெஸ்மென்ட் முடிந்ததா?

இல்லை, அப்போதுதான் தொடங்குகிறது. பிபி 118/76 என்று எழுதுகிறீர்கள். பார்க்க அழகான எண்தான். ஆனால் அவர் வீட்டில் எப்போதும் 160-க்கு மேல் இருப்பவர் என்றால் அந்த 118 நல்ல செய்தி அல்ல. காலையில் என்ன இருந்தது, நேற்று என்ன இருந்தது, இந்த மனிதருக்கு வழக்கமாக என்ன இருக்கும் என்று தெரியாமல் எந்த எண்ணுக்கும் பொருள் கிடையாது.

கிறிஸ்டின் டேனர் என்ற அமெரிக்க நர்ஸிங் பேராசிரியர் 2006-இல் இதை நான்கு படிகளாக எழுதினார்: கவனிப்பது, கவனித்ததற்குப் பொருள் காண்பது, அதற்கேற்பச் செய்வது, செய்தது பலித்ததா என்று திரும்பிப் பார்ப்பது. நம் வார்டுகளில் முதல் படி நன்றாகவே நடக்கிறது. சார்ட் நிரம்பியிருக்கிறது. இரண்டாவது படியில்தான் வண்டி நின்றுவிடுகிறது. நான்காவது பல இடங்களில் நடப்பதே இல்லை. பாராசிட்டமால் போட்டதை எழுதுகிறோம், ஒரு மணி நேரம் கழித்துக் காய்ச்சல் எவ்வளவு என்று எழுதுவதில்லை.

டியூட்டிக்கு வந்ததும் யாரை முதலில் பார்ப்பது? நாற்பது பேர் இருக்கிறார்களே.

பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், போதனா மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் பழைய விதி. நைட் டியூட்டி பார்த்தவர்களுக்கு இதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். அதனால் இருக்கிற நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பதே நீங்கள் எடுக்கும் முதல் கிளினிக்கல் முடிவு.

முந்தைய ஷிஃப்ட் நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர் முடிந்தவுடன், மருந்து ட்ரேயைத் தொடுவதற்கு முன்னால், வார்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்தால் போதும். மூச்சு வாங்குகிறாரா, முழு வாக்கியம் பேசுகிறாரா, நிறம் எப்படி, ஐவி ட்ரிப் ஓடுகிறதா, ட்ரெயின் குழாயில் என்ன வந்திருக்கிறது, யூரின் பையில் எவ்வளவு? ஆக்சிஜனில் இருப்பவர்கள், இன்றைக்கு ஆபரேஷன் ஆனவர்கள், கேஷுவாலிட்டியிலிருந்து இப்போதுதான் ஏறி வந்தவர்கள், இவர்களிடம் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். அப்புறம், சத்தம் போடுகிறவரைவிடச் சத்தமே போடாதவரைக் கவனியுங்கள். சாயங்காலம் வரை தண்ணீர் கேட்டுத் தொல்லை செய்த தாத்தா இரவில் அமைதியாகிவிட்டால், "அப்பாடா, தூங்கிட்டார்" என்று நகர்ந்துவிடக் கூடாது. தட்டிப் பேசிப் பாருங்கள்.

ஹேண்ட் ஓவரில் "ஸ்டேபிள்" என்று சொன்னால் நம்பலாமா? எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். கடைசியாக யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பது முக்கியம்.

மூச்சு எண்ணிக்கையை நிஜமாகவே ஒரு நிமிடம் எண்ண வேண்டுமா?

எண்ண வேண்டும். எந்த வார்டிலும் சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள். பல்ஸ் 78, 92, 104 என்று மாறிக்கொண்டே போகும். மூச்சு மட்டும் எல்லோருக்கும், எல்லா நேரமும் 20. நிமோனியாக்காரருக்கும் 20, ஹெர்னியாக்காரருக்கும் 20. அது எண்ணி எழுதியது அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். பல்ஸ், பிபி, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) மூன்றுக்கும் மெஷின் வந்துவிட்டது. மூச்சுக்குப் பெரும்பாலான வார்டுகளில் இன்னும் கடிகாரமும் கண்ணும்தான். அதனால்தான் அது விட்டுப்போகிறது.

பிரச்சினை என்னவென்றால், உடம்பு கெட ஆரம்பிக்கும்போது பல நேரம் முதலில் மாறுவது அதுதான். செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகளைக் கெடுப்பது), இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோர்ப்பது, சர்க்கரை நோயாளிக்கு வரும் கீட்டோ அசிடோசிஸ், உள்ளே ரத்தக் கசிவு, எல்லாவற்றிலும் மூச்சு வேகம் ஏறுகிறது. ரத்தத்தில் அமிலம் கூடினால் அதைக் கழிக்க உடம்பு வேகமாக மூச்சு விடும். நுரையீரலில் கோளாறே இல்லாமலும் 28 வரும்.

எண்ணுவதை நோயாளியிடம் சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சை மாற்றிவிடுவார். பல்ஸ் பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பாருங்கள். போர்வை மூடியிருந்தால் அவர் கையை அவர் வயிற்றின்மேல் வைத்துவிட்டு அந்தக் கை ஏறி இறங்குவதை எண்ணலாம்.

பிபி நார்மல்தானே, ஏன் பதற வேண்டும்?

பிபி கடைசியில் விழும் எண் என்பதால். ரத்தமோ நீரோ குறையும்போது உடம்பு சும்மா இருப்பதில்லை. இதயத் துடிப்பைக் கூட்டும், கை கால் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், உள்ளே இருப்பதை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடும். ஆரோக்கியமான ஒருவர் ரத்தத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை இழக்கும் வரை மேல் எண்ணைத் தாக்குப்பிடித்துவிடுவார். அதற்குப் பிறகுதான் சட்டென்று இறங்கும்.

நம் ஊரில் இதைக் கற்க டெங்கு வார்டைவிட நல்ல இடம் கிடையாது. காய்ச்சல் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் விடும். "காய்ச்சல் விட்டுருச்சு சிஸ்டர், வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்பார்கள். ஆனால் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது அந்த நேரத்தை ஒட்டித்தான். அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்துக் காலம்.

இப்படி ஒரு சார்ட்டை வைத்துக்கொள்வோம். காலை 110/70. மதியம் 104/82. மாலை 100/82. மேல் எண்ணை மட்டும் பார்த்தால் நூறுக்குக் குறையவே இல்லை, யாரும் கூப்பிட மாட்டார்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியைக் கழித்துப் பாருங்கள்: 40, 22, 18. டெங்குவில் அந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழ் வந்தாலே ஷாக் (உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை) என்றுதான் கணக்கு. அந்த நோயாளியின் கையைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். விரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்திவிட்டால் நிறம் திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆகும். விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் புரள்வது, இதில் ஒன்று இருந்தாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

கூட இருப்பவர்கள் பிளேட்லெட் எவ்வளவு என்பதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள், பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா என்பார்கள். அவர்கள் கேட்பதில் தப்பில்லை. ஆனால் நாமும் சேர்ந்து பிளேட்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏறிக்கொண்டிருக்கும் பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) கண்ணில் படாது. ரத்தம் கெட்டிப்படுகிறது, அதாவது நீர் வெளியே போகிறது என்பதை அதுதான் சொல்லும்.

இன்னொன்று, பல்ஸை மட்டும் நம்பவும் முடியாது. மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு எவ்வளவு ரத்தம் போனாலும் பல்ஸ் பெரிதாக ஏறாமல் இருக்கலாம். மருந்துச் சீட்டைப் பார்ப்பதும் அசெஸ்மென்ட்தான்.

நியூஸ் ஸ்கோர் என்கிறார்களே, அது என்ன?

லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய மதிப்பெண் முறை. மூச்சு, சாச்சுரேஷன், ஆக்சிஜன் போகிறதா இல்லையா, மேல் பிபி, பல்ஸ், நினைவு நிலை, உடல் வெப்பம் என்று ஏழு விஷயங்களுக்கும் தனித்தனி மதிப்பெண். இயல்பாக இருந்தால் பூஜ்யம், விலக விலக 3 வரை. 16 வயதுக்குக் கீழும் கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடலில் ஓட்டை விழுந்து ஆபரேஷன் ஆகி இரண்டாம் நாள். மூச்சு 24, அதற்கு 2. சாச்சுரேஷன் ஆக்சிஜன் கொடுக்காமலே 95, அதற்கு 1. பிபி 108/70, அதற்கு 1. பல்ஸ் 112, அதற்கு 2. வெப்பம் 37.6 டிகிரி, பூஜ்யம். நன்றாகப் பேசுகிறார், பூஜ்யம். மொத்தம் 6. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் "கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைவு, வலியா இருக்கும்" என்று சொல்லிவிடலாம். சேர்த்தால்தான் விஷயம் தெரிகிறது. 5 வந்தாலே டாக்டர் சீக்கிரம் வந்து பார்க்க வேண்டும், மணிக்கு ஒருமுறையாவது வைட்டல்ஸ் எடுக்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் என்றால் அவசரம். ஏதோ ஒன்றில் மட்டும் 3 வந்தாலும் அன்றே, அப்போதே பார்க்க வைக்க வேண்டும்.

நாள்பட்ட மூச்சுக்குழல் நோய் உள்ளவர்களில் சிலருக்கு டாக்டர் சாச்சுரேஷன் 88 முதல் 92 வரை போதும் என்று எழுதியிருப்பார். அவர்களுக்குச் சாச்சுரேஷன் மதிப்பெண் வேறு அட்டவணை. அது தெரியாமல் ஆக்சிஜனைக் கூட்டி 99 கொண்டுவந்து சந்தோஷப்படக் கூடாது.

ஸ்கோர் குறைவுதான், ஆனால் மனதுக்கு என்னவோ சரியாகப் படவில்லை. அதை வைத்து டாக்டரைக் கூப்பிடலாமா?

கூப்பிடலாம். பட்ரீஷியா பென்னர் 1984-இல் நர்ஸின் வளர்ச்சியைப் புதியவரிலிருந்து வல்லுநர் வரை ஐந்து நிலைகளாகப் பிரித்தார். அனுபவம் ஏறியவர்கள் விதியை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பதில்லை, முழு நிலைமையையும் ஒரே பார்வையில் பிடித்துவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. நம் சீனியர் சிஸ்டர்கள் வாசலில் நின்றே "அந்த ஏழாம் பெட்டைப் பாரு" என்பது அதுதான். மந்திரம் எதுவும் இல்லை. முன்பு பார்த்த நூற்றுக்கணக்கான முகங்கள் உள்ளே இருக்கின்றன.

நெதர்லாந்தில் இந்த 'நர்ஸின் கவலை'யையே ஆராய்ந்து, அதை ஒன்பது அறிகுறிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். மூச்சில் மாற்றம், ரத்த ஓட்டத்தில் மாற்றம், குளிர் நடுக்கம், நினைவுத் தெளிவில் மாற்றம், பதற்றம், வலி, எதிர்பார்த்தபடி தேறாதது, நோயாளியே "எனக்கு முடியல" என்று சொல்வது, அப்புறம் நர்ஸுக்குத் தோன்றுவது. ஆக உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் கொஞ்சம் நின்று, எது சங்கடம் தருகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் இந்த ஒன்பதில் ஒன்று சிக்கும். சிக்கினால் போனில் சொல்ல வார்த்தை கிடைத்துவிட்டது.

கூட இருப்பவர் சொல்வதையும் இதே கணக்கில் வையுங்கள். "அவர் எப்பவும் இப்படி இருக்க மாட்டார் சிஸ்டர்" என்று ஒரு மனைவி சொன்னால், முப்பது வருடமாக அவரைப் பார்ப்பவர் சொல்கிறார். இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி 2021-இல் செப்சிஸில் இறந்துபோனாள். பெற்றோர் சொன்ன கவலையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதன் பிறகு 2024-இலிருந்து அங்குள்ள மருத்துவமனைகளில், குடும்பத்தாரே வேறொரு மருத்துவக் குழுவை வரவழைக்கும் வழி படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. மார்த்தாவின் விதி என்றே பெயர். நம் வார்டில் அப்படிப் போன் நம்பர் எதுவும் இல்லாவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு இருக்கிற ஒரே வழி நீங்கள்தான்.

நம் தோல் நிறத்தில் பாடப்புத்தகத்தில் உள்ளபடி எதுவும் தெரிவதில்லையே?

நியாயமான புகார். படங்கள் எல்லாம் வெள்ளைத் தோலில். நீலம் பாய்ந்திருக்கிறதா என்று கறுத்த தோலில் பார்த்துப் பயனில்லை. நாக்கு, உதட்டின் உட்புறம், இவற்றைப் பாருங்கள். ரத்த சோகைக்குக் கீழ் இமையின் உட்புறமும் உள்ளங்கையும். படுக்கைப் புண்ணின் முதல் நிலை 'சிவந்திருக்கும்' என்பார்கள், நமக்குச் சிவக்காது. வால் எலும்பு, குதிகால் பக்கம் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றிலும் உள்ள தோலைவிடச் சூடாகவோ ஜில்லென்றோ, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருந்தால், கறுத்து மினுமினுத்தால், அங்கே தொடங்கிவிட்டது.

பல்ஸ் ஆக்சிமீட்டரும் இதற்கு விலக்கு இல்லை. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் ரத்தத்தில் ஆக்சிஜன் 88-க்குக் கீழே இருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். அதை அப்படியே நம்மேல் பொருத்த முடியாது, ஆனால் மூச்சு 30 ஓடும்போது கருவி 95 என்றால் கருவியை நம்பி உட்காரக் கூடாது என்பதற்கு அது போதும். கை ஜில்லென்று இருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் தப்பாகக் காட்டலாம். ஹீமோகுளோபின் 6 இருப்பவருக்கு 98 காட்டும். பொய் இல்லை, இருக்கிற கொஞ்ச ரத்தம் நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் வழக்கத்தில் பாதிகூட இருக்காது.

"கேஸ் ட்ரபிள், சோடா குடிச்சா சரியாயிடும்" என்கிறார். விட்டுவிடலாமா?

விடாதீர்கள், முக்கியமாக நாற்பது தாண்டியவர், சர்க்கரை உள்ளவர், புகைப்பவர், பெண்கள். நெஞ்சு கரிக்குது, அடைக்குது, படபடன்னு வருது, தோள்பட்டை இழுக்குது, தாடை வலிக்குது, எதுவாக இருந்தாலும் உடனே ஒரு இசிஜி எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். பத்து நிமிடத்துக்குள் இசிஜி என்பது உலகம் முழுக்க வைத்திருக்கும் இலக்கு. சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வியர்வையும் களைப்பும் மட்டும் வரலாம். ஆன்டாசிட் கொடுத்ததும் குறைந்தது என்பதால் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. சட்டை நனைய வியர்த்திருந்தால் க்ளூக்கோமீட்டரையும் கையோடு கொண்டுபோங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் கதை வேறு, அது சர்க்கரை இறங்கியதால் வந்த வியர்வையாக இருக்கலாம்.

நினைவாக இருக்கிறார் என்று எழுதினால் போதாதா?

போதாது. தலையில் அடிபட்டவருக்கு ஜிசிஎஸ் (கிளாஸ்கோ கோமா ஸ்கேல் என்ற நினைவு மதிப்பெண்) எழுதுங்கள். கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜெனட் இருவரும் 1974-இல் வெளியிட்டது. கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. மொத்தத்தை மட்டும் எழுதாமல் மூன்றையும் பிரித்து எழுதினால்தான் எது குறைந்தது என்று அடுத்த ஷிஃப்டுக்குத் தெரியும். 2 குறைந்தால் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி கேட்கும்போது ஆளுக்கேற்பக் கேளுங்கள். கிராமத்துப் பாட்டியிடம் தேதி கேட்டு அவர் முழித்தால் அது குழப்பம் அல்ல. "ஆடி பொறந்து நாலு நாளாச்சு" என்றால் அவர் மிகத் தெளிவாக இருக்கிறார். நேற்று அப்படிச் சொன்னவர் இன்று மருமகளை அக்கா என்று கூப்பிட்டால் அதுதான் சேதி. வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று, நிமோனியா எல்லாம் காய்ச்சலே இல்லாமல் இப்படித் திடீர்க் குழப்பமாகவே வரலாம்.

இரவில் டாக்டருக்குப் போன் செய்யப் பயமாக இருக்கிறது. எப்படிச் சொல்வது?

இந்தப் பயம் புதியவர்களுக்கு மட்டும் இல்லை. திட்டு வாங்கியவர்கள் நிறையப் பேர். சொல்ல வேண்டியதைக் கோர்வையாகச் சொன்னால் திட்டுகிற வாய்ப்புக் குறையும். எஸ்-பார் என்ற முறை அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது: இப்போது என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன வேண்டும். கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மேலே சொன்ன ஆபரேஷன் நோயாளிக்கு இரவு பத்து மணிக்கு இப்படி:

"சார், சர்ஜரி வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பேசுறேன். பன்னிரண்டாம் பெட் நோயாளிக்கு மூச்சு 24, பல்ஸ் 112, பிபி 108/70, நியூஸ் 6 வருது. குடல் ஓட்டைக்கு ஆபரேஷன் ஆகி ரெண்டாம் நாள். காலையில பல்ஸ் 88 இருந்துச்சு. ஆறு மணியிலேர்ந்து யூரின் 60 மில்லிதான், டியூப் மடங்கல, பார்த்துட்டேன். வயிறு மதியத்தைவிட இறுக்கமா இருக்கு. உள்ளே கசியுதோ, செப்சிஸ் ஆரம்பிக்குதோன்னு சந்தேகமா இருக்கு சார். நீங்க வந்து பார்க்கணும். வர்றதுக்குள்ள பிளட் கல்ச்சர் எடுத்து வைக்கவா, ஃப்ளூயிட் கூட்டவா?"

அறுபது கிலோ எடை உள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் வர வேண்டும். நான்கு மணி நேரத்தில் 60 என்றால் பாதி. அந்த ஒரு வரியே டாக்டரை எழுப்பிவிடும். "சரி, பார்க்கலாம்" என்று பதில் வந்தால் அதோடு போனை வைக்காதீர்கள். "எத்தனை மணிக்கு வருவீங்க சார், அதுக்குள்ள எது ஆனா கூப்பிடணும்?" என்று கேளுங்கள். சொன்ன நேரத்துக்கு வரவில்லை, நோயாளி மோசமாகிறார் என்றால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி அடுத்த மேலதிகாரியைக் கூப்பிடுங்கள். அது கோள் மூட்டுவது ஆகாது.

செப்சிஸ் என்று நர்ஸ் சொல்லலாமா? டயக்னோசிஸ் டாக்டர் வேலைதானே?

சந்தேகம் என்று சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். நோயை உறுதிசெய்து சிகிச்சை எழுதுவது அவர் வேலை. கண்டதற்கு என்ன பொருள் என்று யோசிக்காமல் எண்களை மட்டும் ஒப்பிக்க நர்ஸ் தேவையில்லை, மானிட்டர் போதும். அமெரிக்காவுக்குப் போக எழுதும் என்கிளெக்ஸ் தேர்வுகூட 2023 ஏப்ரலிலிருந்து இதைத்தான் சோதிக்கிறது: எந்தக் குறிப்பு முக்கியம், எது முதலில், என்ன செய்வீர்கள், பலித்ததா?

நர்ஸஸ் நோட்டில் என்ன எழுதுவது? "நோயாளி நலம், தூங்கினார்" என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள்.

நீங்கள் கண்டதை எழுதுங்கள், முடிவை மட்டும் எழுதாதீர்கள். "மூச்சுத் திணறல்" என்பதைவிட "மூச்சு 28, மூன்று வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்துகிறார், படுக்க முடியவில்லை, உட்கார்ந்திருக்கிறார்" என்பது அடுத்து வருபவருக்கு உதவும். நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதலாம். டாக்டருக்குச் சொன்ன நேரம், சொன்ன விஷயம், அவர் சொன்ன பதில், நீங்கள் செய்தது, செய்த பிறகு எடுத்த வைட்டல்ஸ், எல்லாவற்றுக்கும் மணி போடுங்கள். எடுக்காத வைட்டல்ஸை இடைவெளி நிரப்ப எழுதாதீர்கள். நேரம் கிடைக்காமல் விட்டுப்போனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். தாமதமாக எழுதினால் எழுதும் நேரத்தையும் நடந்த நேரத்தையும் சேர்த்தே குறியுங்கள். அடித்துத் திருத்த வேண்டியிருந்தால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து. வைட்னர் வேண்டாம்.